பெருநாள் மேசையில் உட்கார வைத்தார்கள்

பெயர்: பிரதீபன் சுரேகா. வயது: 33. தொழில்: மாத்தளை நகரில் உள்ள தனியார் மருந்துக் கடையொன்றில் விற்பனையாளர். வசிப்பிடம்: யட்டவத்த வீதி, மாத்தளை. சமயம்: இந்து. வாக்குமூலம் தமிழில் சொல்லப்பட்டுத் தமிழில் எழுதப்படுகிறது.

நான் மேற்படி முகவரியில் எனது கணவர் இராசமாணிக்கம் பிரதீபனுடனும் மகனுடனும் வசித்து வருகிறேன். கணவர் மின்சார வேலை செய்பவர். சிறு வயதில் அவர் ஒரு கத்தோலிக்கத் துறவறச் சகோதரர் சபை நடத்திய மாணவர் விடுதியில் தங்கிப் படித்தவர் என்பது கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அங்கே அவருக்கு நடந்தது தெரியாது. கடந்த வருடம் எங்கள் மகனையும் அப்படியொரு விடுதியில் சேர்க்கலாமா என்று நான் கேட்டபோது, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைச் சுவரில் எறிந்தார். குரல் உயர்த்திக்கூடப் பேசாத மனிதர். அதன் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். விடுதிக்குப் பொறுப்பாக இருந்த சகோதரர் அவரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதை அவரே உங்களிடம் சொல்வார். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் சபைக்கு முறைப்பாடு அனுப்பினோம். அதன் பின்னர் சிஸ்டர் ஜசிந்தா என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வேறொரு சபையைச் சேர்ந்தவர், இப்படிப் பாதிக்கப்பட்டவர்களின் பேச்சைக் கேட்டு உதவி செய்ய நியமிக்கப்பட்டவர். நல்ல மனுஷி. என் கணவரை அவசரப்படுத்தவில்லை, உளவள ஆலோசகர் ஒருவரிடமும் கூட்டிப்போனார். அந்தச் சகோதரர் இப்போது எங்கே என்று நான் கேட்டதற்கு, அவர் பணியில் இல்லை என்றும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இல்லை என்றும் சபை தனக்குச் சொன்னதாகச் சொன்னார். என் கணவர் ஒன்றுதான் கேட்டார். சபையின் தலைவரிடம் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு பொலிஸுக்குப் போக வேண்டும் என்றார்.

சபைத் தலைவர் பிரதர் எட்வின் இன்றைய தினத்தைக் குறித்தார். இன்று அவர்களுடைய சபையைத் தொடங்கியவரின் பெருநாள் என்றும், அதற்காக யட்டவத்தைக்குப் பக்கத்திலுள்ள தியான இல்லத்துக்குத் தான் வருவதாகவும் அறிவித்திருந்தார். நாங்கள் பஸ்ஸில் யட்டவத்தைக்குப் போய், அங்கிருந்து த்ரீவீலரில் போனோம். சிஸ்டர் வாசலில் காத்திருந்தார். முன்னறையில் என் கணவர் எல்லாவற்றையும் சொன்னார், ஆளின் பெயரையும் சொன்னார். பிரதர் எட்வின் அழுதார், மன்னிப்புக் கேட்டார். எனக்கும் மனம் கொஞ்சம் இளகியது. உண்மையாகவே இளகியது.

அதன் பின்னர் சாப்பாட்டு மணி அடித்தது. நாங்கள் கிளம்பினோம். பிரதர் எட்வின் விடவில்லை. "பெருநாளும் அதுவுமா வீட்டுக்கு வந்தவங்கள சாப்பிடாம அனுப்புற பழக்கம் எங்களுக்கு இல்ல. இது உங்க வீடு மாதிரி," என்றார். சாப்பாட்டறையில் நீளமான மேசையில் சகோதரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வயதான ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இல்லத்தில் மூத்தவர் என்பதால் அவர்தான் சாப்பாட்டு ஜெபம் சொன்னார். ஜெபம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் கணவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உக்காரு தம்பி, சாப்பிடு," என்று அந்த வயதானவர் சிரித்த முகத்துடன் சொன்னார். சொன்னதும் என் கணவர் உட்கார்ந்தார். தலையைத் தூக்காமல் வேகவேகமாகச் சோற்றை அள்ளிச் சாப்பிட்டார். வீட்டில் அவர் அப்படிச் சாப்பிட்டதே இல்லை. "என்னாங்க?" என்று காதோடு கேட்டேன். "அந்தாளுதான்," என்றார்.

என் வாயிலிருந்த சோற்றை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பிரதர் எட்வினைப் பார்த்தேன். அவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஜசிந்தா எழுந்து, "பிரதர், இவர் இங்கயா இருக்கார்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். சிஸ்டருக்கு அது தெரியாது என்று நான் உறுதியாகச் சொல்வேன், அவருடைய முகம் வெளுத்திருந்தது. அதற்குப் பிரதர் எட்வின், "வேற எங்க போவார் சிஸ்டர்? வயசாளி, எங்க சகோதரர். எந்த நாளும் ரூம்லதான் சாப்பிடுவார். பெருநாள் அன்னைக்கி மட்டும் ஒருத்தரையும் ரூம்ல விட மாட்டோம். அந்த ஞாபகத்துல மத்தது மறந்துபோச்சி," என்றார்.

மறந்துபோச்சு என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எங்களுக்கு முன் உட்கார்ந்து அழுத அதே மனிதர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். இவர்கள் மறைக்கக்கூட இல்லை, மேசையில் பரிமாறிவிட்டார்கள். இதை இப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் நான் கணவரின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். விறாந்தையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், தாய்மாரும் நின்றார்கள். பெருநாளுக்கு மூத்த சகோதரர் கையால் கேக் கொடுத்துத் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பது அங்கே வழக்கமாம். எங்களுக்குப் பின்னாலேயே அந்த ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே அவ்வளவு பேசிய பிறகும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் இல்லாத இடம் என்றுதானே சொல்லியிருந்தார்கள்? முதலில் நின்ற சிறுமி கேக்கை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

என் கணவர் என் கையை உதறிவிட்டுப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். "புள்ள மேல கை வைக்காதீங்க," என்றார். அந்த ஆள், "நீ யாரு தம்பி?" என்று கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை. என் கணவர், "இராசமாணிக்கம் மகன் பிரதீபன். ஒங்க விடுதியில இருந்தவன். ஒங்க ரூமுக்குக் கூப்பிட்டீங்களே, அந்தப் பையன்," என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். நீட்டிய கை கீழே இறங்கியது. என்ன நடக்கிறது என்று அந்தச் சிறுமியின் தாய் சிங்களத்தில் கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் மகளின் கையிலிருந்த கேக்கைத் தரையில் வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போனார். மற்றத் தாய்மாரும் போனார்கள்.

அதன் பின்னர் பிரதர் எட்வின் ஓடி வந்து, "உள்ள வாங்க, உள்ள போய் பேசிக்குவோம்," என்றார். "உள்ள பேசினது போதும் பிரதர்," என்றேன். சிஸ்டர் ஜசிந்தா தன்னுடைய வேனில் எங்களை நேராக இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டி வந்தார். தானும் வாக்குமூலம் தருவதாகச் சொல்லி வெளியே இருக்கிறார். அந்த வரிசை எத்தனை வருடமாக அங்கே நின்றதோ தெரியாது.

அந்த ஆளின் பெயர் என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்ல மாட்டேன். அதைத் தன் வாயால் சொல்லி எழுத வைக்க வேண்டும் என்று என் கணவர் வேனில் வரும்போது கேட்டுக்கொண்டார். ஆகவே அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அவர் கதவடியில் நிற்கிறார், கூப்பிடுங்கள்.

இதில் எழுதப்பட்டிருப்பது நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான். எவரும் சொல்லித்தந்து சொன்னதல்ல. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சரியென்று ஏற்றுக் கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) பி. சுரேகா