நீட்டிப்புக்கான காரணம்

அத்தை: இந்தக் கட்டம் மட்டும் ஏன் மாப்ள காலியா இருக்கு?

மாப்பிள்ளை: எது?

அத்தை: கடைசிப் பக்கம். மத்ததெல்லாம் அவ அழகா நிரப்பிக் குடுத்திருக்கா. இங்க மட்டும் வெள்ளையா...

மாப்பிள்ளை: குடுங்க... எழுத்து பொடிப்பொடியா இருக்கு.

அத்தை: கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிக்கிறது.

மாப்பிள்ளை: அது தொலைஞ்சு நாலு மாசமாச்சு அத்தை. வேற வாங்கணும்... ஆங், விசாவ நீட்டிக்க என்ன காரணம்னு கேக்குறாங்க. அத அம்மாவே சொல்லட்டும்னு உங்க பொண்ணு விட்டுட்டா.

அத்தை: நம்ம டோக்கன்?

மாப்பிள்ளை: அறுபத்தி நாலு. இப்பதான் அம்பத்தெட்டு போகுது.

அத்தை: அப்ப யோசிக்க நேரம் இருக்கு. போன தடவ என்ன எழுதுனோம்?

மாப்பிள்ளை: ஊர் சுத்திப் பாக்கன்னு. மூணு மாச டூரிஸ்ட் விசா முடிஞ்சதும் முப்பது நாள் குடுத்தாங்க. அதுவும் சனிக்கிழமையோட முடியுது.

அத்தை: அதையே எழுதிருங்க.

மாப்பிள்ளை: நாலு மாசமா சுத்திப் பாத்து முடியலையான்னு கேப்பாங்க. ஏன் அத்தை... கண்டிப்பா இருக்கத்தான் வேணுமா?

அத்தை: என்ன மாப்ள, துரத்துறீங்களா?

மாப்பிள்ளை: ஐயோ, அப்படி இல்ல! மொட்டமாடிச் செடியெல்லாம் காஞ்சு போகும்னு நீங்கதான் புலம்புனீங்க.

அத்தை: எதிர்வீட்டு டீச்சர் தண்ணி ஊத்துறா. நேத்துகூட போட்டோ அனுப்புனா. என்னைவிட நல்லா வளக்குறா, அது வேற வயித்தெரிச்சல்.

மாப்பிள்ளை: இதுதான் கடைசி நீட்டிப்பு, ஞாபகம் வெச்சுக்குங்க. ரெண்டு தடவைக்கு மேல கெடையாது. அப்புறம் ஒரு நாள் கூடுதலாத் தங்குனாலும் இந்த நாட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்க முடியாது.

அத்தை: தெரியும். முப்பது நாள் போதும்.

மாப்பிள்ளை: எதுக்குப் போதும்?

அத்தை: உங்க போன் அடிக்குது பாருங்க.

மாப்பிள்ளை: ஒரு நிமிஷம்... சொல்லுங்க. ம்... இன்னும் கூப்பிடல. ஒண்ணாந்தேதி சாவி வாங்கிக்கறேன்னு சொன்னேன்ல... தெரியல, இங்க என்ன ஆகுதுன்னு பாத்துட்டுத்தான்... சரி, நானே பேசுறேன்.

அத்தை: யாரு?

மாப்பிள்ளை: ஆபீஸ் கூட்டாளி. ஒரு... சாவி விஷயம்.

அத்தை: ஓ.

மாப்பிள்ளை: காரணத்துக்கு வருவோம். உடம்பு சரியில்லன்னு எழுதலாம்னா டாக்டர் லெட்டர் வேணும்.

அத்தை: கல்லு மாதிரி இருக்கேன். எந்த டாக்டர் குடுப்பான்? பாக்க வேண்டியது பாக்கி இருக்குன்னே எழுதுங்க. பொய் இல்லையே.

மாப்பிள்ளை: என்ன பாக்கி?

அத்தை: எல்லாமே பாக்கி. ஏரிக்குக்கூடப் போகல.

மாப்பிள்ளை: நான் கூப்பிட்டேன். நீங்கதான் வரல.

அத்தை: நீங்க தனியாக் கூப்பிட்டீங்க. அடுத்த வாரம் அவ தனியாக் கூப்பிட்டா. மூணு பேருமாப் போனா வரேன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன்.

மாப்பிள்ளை: லீவு ஒத்து வரல அத்தை.

அத்தை: ஏன், ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஒரு நாள், அவளுக்கு ஒரு நாளா வருது? சாப்பிடும்போது உப்பு வேணும்னாக்கூட என்கிட்டத்தான் கேக்குறீங்க. உப்பு அவ கைக்குப் பக்கத்துல இருக்கு.

மாப்பிள்ளை: உங்களுக்கும் பேச்சுத் துணையா இருக்கட்டுமேன்னு...

அத்தை: நல்லாச் சமாளிக்கிறீங்க. முன்னாடியெல்லாம் போன்ல அவ பேரச் சொல்லித்தான் பேசுவீங்க. நான் வந்ததுலேந்து 'உங்க பொண்ணு, உங்க பொண்ணு'தான்.

மாப்பிள்ளை: அத்தை, அறுபத்தி நாலு வந்துருச்சு. மூணாவது கவுன்ட்டர். பாஸ்போர்ட்டக் கையில எடுங்க. அவங்க கேக்குறதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீங்க சும்மா சிரிச்சா போதும்.

அத்தை: ஏன், எனக்கு வாய் இல்லையா? நான் சொல்றத அவங்க பாஷையில சொல்லுங்க... என்ன கேக்குறா அந்தம்மா?

மாப்பிள்ளை: நாலு மாசத்துல என்னென்ன பாத்தீங்கன்னு.

அத்தை: துணி தொவைக்கிற மெஷின், பஸ் ஸ்டாப்பு, காய்கறிக் கடை. ஜன்னல் வழியா எதிர் பில்டிங்ல ஒரு பூனை.

மாப்பிள்ளை: அத்தை!

அத்தை: அப்படியே சொல்லுங்க.

மாப்பிள்ளை: ... சொல்லிட்டேன். பூனைய மட்டும் விட்டுட்டேன்.

அத்தை: இப்ப என்னவாம்?

மாப்பிள்ளை: ஏரி, அருவி, கோட்டை... ஒண்ணுகூடப் பாக்கலையா, ஏன்னு கேக்குறாங்க.

அத்தை: கூட்டிட்டுப் போற ரெண்டு பேருக்கும் ஒண்ணா நாள் அமையல, இந்த முப்பது நாள்ல அமையும்னு சொல்லுங்க.

மாப்பிள்ளை: அத... நான் எப்படி அத்தை...

அத்தை: சொல்லுங்க மாப்ள. பின்னாடி ஆள் நிக்குது.

மாப்பிள்ளை: ... சொன்னேன்.

அத்தை: அதுக்கு?

மாப்பிள்ளை: அந்த ரெண்டு பேரு யாருன்னாங்க. நானும்... என் வைஃபும்னேன்.

அத்தை: இதுல அந்தம்மா சிரிக்க என்ன இருக்கு?

மாப்பிள்ளை: அவங்க அம்மாவும் ரெண்டு வருஷமா ஏரிக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம். அவங்களும் கூட்டிட்டுப் போகலையாம்.

அத்தை: எல்லா வீட்டுலயும் இதே கதைதான். முத்திரை குத்துறா பாருங்க... எத்தன நாள்?

மாப்பிள்ளை: முப்பது. இதோட முடிஞ்சது, இனிமே வராதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க.

அத்தை: நல்லா இருக்கட்டும். வாங்க, வெளிய போயி அந்த பெஞ்சுல கொஞ்சம் உக்காருவோம். திரும்பவும் அடிக்குதே, எடுங்க.

மாப்பிள்ளை: ஹலோ... ஆமா, குடுத்துட்டாங்க. முப்பது நாள்... இல்லங்க, அவ்வளவு நாள் எனக்காகக் காலியாப் போட்டு வெப்பாங்களா? வேற யாருக்காவது குடுத்துரச் சொல்லுங்க... பரவால்ல. வெக்கிறேன்.

அத்தை: எது காலியா இருக்கு?

மாப்பிள்ளை: ஒரு ரூம். கூட்டாளிக்கு...

அத்தை: எத்தன பேருக்கு?

மாப்பிள்ளை: ஒருத்தருக்கு.

அத்தை: சாவி நீங்க வாங்குறதா இருந்துச்சு. நான் ஊருக்குக் கெளம்புனதும் போறதா இருந்தீங்க.

மாப்பிள்ளை: ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவுதான் அத்தை. சண்டையெல்லாம் இல்ல. அம்மா இருக்குற வரைக்கும் எதுவும் தெரியக் கூடாதுன்னு அவதான் கேட்டுக்கிட்டா... உங்களுக்கு எப்பத் தெரியும்?

அத்தை: இந்தாங்க, மொதல்ல இதப் புடிங்க.

மாப்பிள்ளை: என் கண்ணாடி! இது எப்படி உங்க பையில...

அத்தை: வந்த அன்னிக்கே கெடச்சது. குடுத்தா எங்க கெடந்துச்சுன்னு சொல்ல வேண்டியிருக்கும், அதான் குடுக்கல. எனக்குன்னு ஒழிச்சுக் குடுத்தீங்களே, அந்தச் சின்ன ரூம், அதுல தலைகாணிக்கு அடியில. கதவுக்குப் பின்னாடி உங்க ஆபீஸ் சட்டை வேற நாலு தொங்குச்சு. என் வீட்டுக்கு எப்படா போவோம்னு எனக்கும் அடிச்சுக்குது மாப்ள. ஆனா நான் காலி பண்ணுனா நீங்க மறுபடி அந்த ரூமுக்குப் போயிருவீங்களே... அதுக்காகத்தான் நாலு மாசமா அந்தக் கட்டில விட்டு நகராம இருக்கேன்.