பாவு முடிந்ததும் நிறுத்திய மாத்திரை

தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தவறு. உயிரியல் ஆசிரியராக முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். தாமலிலிருந்து காஞ்சிபுரம் வரும் பேருந்தில், முன் இருக்கையில் ஒரு நெசவாளியும் அவர் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“தறியில ஏத்துன பாவு நூலு முடிஞ்சு மூணு சேலையும் அறுத்தாச்சு. இனிமே ஸ்டீராய்டு மாத்திரை எதுக்கு? அடுத்த பாவு ஏத்தறப்ப போட்டுக்கறேன்.”

“தறிக்கா மாமா மூட்டுவாதம்? ரத்தத்துல கீற வெள்ளை அணுவ உடம்பே தப்பா கூப்புடுதாம். அது வந்து விரல் மூட்டுல ஒட்டிக்கினு வீங்க வைக்குதாம். மாத்திரைதான் ஒட்ட உடாம தடுக்குதுன்னு டாக்டர் சொன்னாரே.”

“பொங்கலுக்கு வந்து ஒட்டிக்கினானே உங்க அண்ணன், அவனுக்கும் ஒண்ணு கேட்டு வாங்கியா.”

“அவர கூப்ட்டது நீதான மாமா.”

அவர் சிரித்தார். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒட்டுக்கேட்டவன் என்று நினைப்பார்களே என்ற கூச்சத்தில் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

மனம் கேட்கவில்லை. தினமும் அதே பேருந்தில் அவர்களைத் தேடினேன். பத்து நாள் கழித்து அந்தப் பெண் மட்டும் தூக்குப் பாத்திரத்துடன் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“மயங்கி உழுந்துட்டாரு சார். இப்ப பரவாயில்ல. அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு. பொண்டாட்டி சொன்னதாலதான் கேக்கல.”

பாத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

“வாங்க, நான் சொன்னது சரின்னு அவருகிட்ட நீங்களே சொல்லுங்க.”