மறுக்காத கியர்

ஐயா,

பந்தயத் தடத்தின் மேல்மாடி அறையில் அன்று யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜன்னலோரம் முதலாளி. அவருக்கு வெயில் ஆகாது. ஆனாலும் நல்ல நாற்காலி அங்கேதான் கிடந்தது. அவருக்கு இடப்பக்கம், மடியில் கணினியோடு, நாங்கள் ‘லேப்டாப்’ என்று கூப்பிடும் பொறியாளர். கதவை ஒட்டிய பெஞ்சில் என் தங்கை, கணவருக்கான தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு. சுவரோர மேசையில் நான். என் முன்னால் வண்டியின் வேகத்தையும் கியரையும் காட்டும் திரை, பக்கத்தில் ஓட்டுநரோடு பேசும் ரேடியோ. நாற்காலியின் ஒரு சக்கரம் உடைந்திருந்ததால் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கீழே தடத்தில், வண்டிக்குள், தங்கையின் கணவர்.

எங்கள் தொழிற்சாலையில் செய்வது வேகமான ஸ்போர்ட்ஸ் கார்கள். கையால் மாற்றும் கியர்பாக்ஸ் பிரிவுக்கு நான் பொறுப்பு. ஒரே மாதிரி இரண்டு கார் செய்திருந்தோம். ஒன்றில் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்ற வேண்டும். மற்றது ஆட்டோமேட்டிக். அதில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் காது மாதிரி இரண்டு பட்டைகள் இருக்கும். வலதை இழுத்தால் கியர் ஏறும், இடதை இழுத்தால் இறங்கும், மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். எது தடத்தைச் சீக்கிரம் சுற்றி வருகிறதோ அதை மட்டும்தான் இனிமேல் செய்வது என்று முதலாளி சொல்லிவிட்டார். கை கியர் வண்டியை நானே ஓட்டினேன். ஆட்டோமேட்டிக் மாப்பிள்ளையுடையது.

மாப்பிள்ளையின் இடது முழங்கால் பழைய விபத்து ஒன்றில் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் தோற்றால் அவருக்கு ஓட்டுநர் வேலை இல்லை; ஜெயித்தால் எனக்குப் பிரிவே இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். தங்கை பரிமாறுவாள், யார் பக்கமும் பேசமாட்டாள்.

“கையில கியர் குச்சி இல்லாம உங்களுக்குத் தூக்கமாவது வருமா, மச்சான்?” என்பார் மாப்பிள்ளை.

“பெரியவங்களுக்கும் நடைவண்டி செய்றாங்கன்னு இப்பத்தான் தெரியுது, மாப்ள” என்பேன்.

“நடைவண்டியோ என்னவோ, உங்களுக்கு முன்னால போய்ச் சேர்ந்துடறேன்ல?”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சண்டை என்று எதுவும் இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கை வெறுப்பவன் அல்ல நான். என் கையைவிட அது சீக்கிரம் கியர் மாற்றும், ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் செரிக்காதது வேறு. அது மறுக்கும். அதிக வேகத்தில் தாழ்ந்த கியரைக் கேட்டால், எஞ்சின் தாங்காது என்று கணக்குப் போட்டுக் கொடுக்காமல் இருந்துவிடும். கை கியர் அப்படி இல்லை. தப்பாகக் கேட்டால் தப்பாகவே கொடுக்கும். அதனால் கேட்பவன் யோசித்துக் கேட்பான்.

மாப்பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டார். நேர்ப்பாதை முடிந்து வளைவு வரும் இடத்தில், பிரேக்கில் கால் வைத்தவுடனே இடது பட்டையை டக்டக்கென்று வரிசையாக இழுத்துவிடுவார், லிஃப்ட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறவர்கள் மாதிரி. வண்டி முடிந்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். ஒத்திகை ஓட்டங்கள் எல்லாவற்றிலும் திரையில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். “அதுக்குத்தான் அது இருக்கே, மச்சான்” என்றார்.

லேப்டாப் நல்ல மனிதர். வயதில் மூத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற அலட்டல் இல்லாமல் தன் கணினியைப் பக்கத்தில் வைத்து எல்லாம் காட்டுவார். “இந்தக் கட்டத்துல இருக்கற டிக்தான் அண்ணே வாட்ச்மேன். இதை எடுத்துட்டா வண்டி கண்ணை மூடிக்கிட்டு எதைக் கேட்டாலும் கொடுத்துடும். கைதவறிக்கூடத் தொட்டுடாதீங்க” என்று சொல்லியிருந்தார்.

போட்டியன்று என் ஓட்டம் முடிந்தது. நன்றாகவே ஓட்டினேன். ஆனாலும் மாப்பிள்ளை ஒத்திகையிலேயே அதைவிடச் சீக்கிரம் வந்திருந்தார். நான் மேலே வந்தபோது கணினி இன்னும் அவருடைய வண்டியோடு இணைப்பில் இருந்தது. லேப்டாப் கைகழுவப் போயிருந்தார். முதலாளி போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. இரண்டு வண்டிக்கும் ஒரே நியாயம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கிளம்பும் முன் மாப்பிள்ளை ரேடியோவில் கேட்டார்: “எல்லாம் சரியா, மச்சான்?”

“நீங்க சொல்றதைக் கேக்கும், மாப்ள.”

பாட்டில் தண்ணீரைத் தங்கையே குடித்துத் தீர்த்துவிடாமல் தனக்குக் கொஞ்சம் வைக்கச் சொன்னார். அவளிடம் சொன்னேன். பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. திரையில் ஆறாவது கியர் இருந்தது. ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று ஒரே மூச்சில் இறங்கியது. வண்டி ஒன்றையும் மறுக்கவில்லை. பின்சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொண்டன. அப்புறம் சுவர்.

கியர்பாக்ஸ் மட்டும் உடையும், வண்டி ஓரமாக நின்றுவிடும், அவர் தோற்பார், அவ்வளவுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். சில நாள் அது உண்மை மாதிரியே இருக்கும். ஆனால் அந்த வளைவை நான் நடந்தே பார்த்திருக்கிறேன். ஓரம் என்று அங்கே ஒன்றும் இல்லை. தடம் முடிந்தால் சுவர்தான். ரேடியோ என் கையில் இருந்தது. நேர்ப்பாதை நீளமானது. ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. நான் பயந்து உறைந்துபோகவில்லை, ஐயா. இழுக்கிறாரா பார்ப்போம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிக் எடுபட்டது லேப்டாப்பின் கணினியில் பதிவாகியிருக்கிறது. அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், உங்கள் விசாரணை முடிந்ததும் சிறை என்கிறார்கள். அவர் மேல் புகார் கொடுத்தவள் என் தங்கை. முதலாளியும் பாடம் கற்றுக்கொண்டார். மனிதர் கையை நம்ப முடியாது என்று கை கியரை அடியோடு நிறுத்திவிட்டார். இனி ஆட்டோமேட்டிக் மட்டும்தான். அந்த டிக்கை யாரும் எடுக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். என் பிரிவு இருந்த இடத்தில் இப்போது டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இதை எழுத ஒரு காரணம் லேப்டாப். இன்னொன்று, மாப்பிள்ளை இறந்ததிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் தங்கை கேட்பது. முழங்கால் போனபின் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட கணவரை, இதுதான் பத்திரமான வண்டி என்று ஏற்றி அனுப்பியவள் அவள். “நான்தானே அண்ணா அனுப்பிவெச்சேன்?” என்பாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

அவளிடம் நேரே சொல்லலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். இப்படிப்பட்ட செய்தி உங்கள் அலுவலகத்திலிருந்து வருவதுதான் முறை. எப்படிச் சொல்வது என்று அங்கே தெரிந்திருக்கும்.

இப்போது அவள் என் அறை வாசலில் நிற்கிறாள். இது லேப்டாப்புக்கு எதிரான சாட்சியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். “நல்லா அழுத்தமா எழுதினியா, அண்ணா?” என்று கேட்டாள்.

“ஒண்ணு விடாம எழுதிட்டேன்.”

“குடு. நானே ஒட்டி, நானே கொண்டுபோய்ச் சேர்த்துடறேன்.”

உறையையும் பசையையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டு, மடித்து, அவளிடம் கொடுத்துவிடுவேன். அவளை நான் அனுப்பவில்லை, ஐயா. அவள் கேட்டாள், நான் மறுக்கவில்லை.