தங்கமான புருஷன்

ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தெரியாது. சட்டை நுனியால் தேய்தேயென்று தேய்த்துக் கீறலாக்கிவிட்டு, "பவர் கூடிருச்சு போல" என்று என் கடைக்கு வந்து நிற்பார்கள். நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. என் சுபாவம் அப்படி. உங்களுக்கே தெரியும், டாக்டர்.

என் மனைவிக்குக் குடியும் இருந்தது, மனநோயும் இருந்தது. சில நாள் தூங்காமல் பறப்பாள். சில நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டாள். இரண்டிலும் குடிப்பாள். அவள் வாந்தியைக் கழுவியது நான். சிக்குப் பிடித்த தலையை வாரிவிட்டதும் நான். உங்கள் மறுவாழ்வு மையத்தில் நடந்த குடும்பத்தார் கூட்டத்தில், ஆலோசகர் அம்மா என்னைக் காட்டி, "இவரைப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். என் மாமியார், "எங்க மாப்பிள்ளை தங்கம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "குடி, மனசு, ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். ஒண்ணைக் கவனிக்காம விட்டா, அது இன்னொண்ணைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துரும்."

எனக்கு நன்றாகப் புரிந்தது.

அவள் தேறினாள். அச்சகத்தில் பழைய பிழை திருத்தும் வேலைக்கே திரும்பினாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து என்னையும் திருத்த ஆரம்பித்தாள். "என் போன் ஏன் உங்க பையில இருக்கு?" என்பாள். "மாத்திரைய நானே பாத்து எடுத்துக்கறேன்" என்பாள். தெருவில் என்னை நிறுத்தி, "நீங்க எப்படித்தான் சமாளிக்கறீங்களோ, பாவம்" என்று சொல்பவர்கள் இல்லாமல் போனார்கள். எல்லோரும் அவளையே விசாரித்தார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "கொஞ்ச காலம் எங்க அக்கா வீட்டுல இருந்து வேலைக்குப் போறேங்க. உங்க மேல தப்பில்ல. நீங்க பக்கத்துல இருந்தா, நான் இன்னும் நோயாளிங்கற மாதிரியே இருக்கு."

"தாராளமாப் போ. மாசம் முடியட்டுமே" என்றேன். சரி என்றாள். என் பேச்சைத் தட்டமாட்டாள்.

அவளுடைய மனநல மாத்திரை வெள்ளையாக, வட்டமாக இருக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. டப்பாவில் அதை மாற்றி வைத்தேன். விஷமில்லை. எலும்புக்கு நல்லது.

மெல்ல மெல்லத் தூக்கம் போயிற்று. அச்சுத் தாளில் தனக்கு மட்டும் ஏதோ சேதி ஒளிந்திருப்பதாக அச்சகத்தில் சத்தம் போட்டாள். முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் மடியில் தலை வைத்து அழுதாள்.

"ஒழுங்காத்தானே மாத்திரை போடறேன்? எனக்கு ஏன் மறுபடி இப்படி ஆகுது?"

"சில பேருக்கு முழுசா சரியாகாதும்மா" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா குடிச்சிருவேன். பயமா இருக்கு."

நாளைக்குப் போகலாம் என்றேன். மறுநாள் காலை ஒரு பாட்டிலை வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். நான் ஊற்றிக் கொடுக்கவில்லை. மூடியைத் திறந்தது அவள் கைதான். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார், மொட்டை மாடியிலிருந்து விழுந்துவிட்டாள் என்று.

ரத்தத்தில் அந்த மருந்து துளிகூட இல்லை என்கிறீர்கள். எப்படி இருக்கும்? மாற்றியது நான். பாட்டிலை வைத்ததும் நான். நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

இன்று காலை கண் விழித்தாள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, அசைய முடியவில்லை. என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "இனிமே குடிக்க மாட்டேன்னு உங்களுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தலையே. மன்னிச்சிருங்க" என்றாள்.

அப்போதே மன்னித்துவிட்டேன், டாக்டர். வீட்டுக்கு எப்போது கூட்டிப் போகலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.