மெயினருவி வீடியோ

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கல்லூரி நூலக மேடமும் ஒரு மாணவியும். நூலகத்தில் உள்ள பாட வீடியோக்களைப் பற்றி மேடம் அவளிடம் கருத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“தாவரவியல் சார் குற்றாலம் மெயினருவிகிட்ட நின்னு பேசுத வீடியோதான் பெரச்சன. தண்ணி எரைச்சல்ல பாடம் சரியா கேக்கல. எரைச்சல எடுக்கப் போறோம்.”

“ஐயோ, எடுத்துராதீங்க மேடம்!”

“ஏன்ட்டி? நீதான் அத தெனமும் போடுதன்னு கம்ப்யூட்டர்ல காட்டுது. நீ காமர்ஸ்லா படிக்க?”

“நான் போடல மேடம். எங்க வாப்பா சவுதில, தம்மாம்ல இருக்காங்க. என் பாஸ்வேர்ட வாங்கி அவங்கதான் போடுதாங்க. அங்கன ஒரே வெக்கையாம். அந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் ஒறக்கம் வருதாம்.”

பாஸ்வேர்டைக் கொடுத்ததற்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். மேடமோ பையிலிருந்து நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“சரி, வீடியோவப் பத்தி ஒங்க வாப்பா என்ன சொல்லுதாங்க?”

“தண்ணிச் சத்தம் அருமையா இருக்காம் மேடம். நடுநடுவுல சார் பேசுததுதான் எடைஞ்சலாம்.”