பாசி மரத்தில் இருப்பது

— அப்புறம்?

— அப்புறம் என்ன, யாவிங். எழுந்தேன். அடுப்பு பத்த வச்சேன். ரெண்டு கிழங்கு சுட்டேன். ஒண்ணைத் தின்னேன். ஒண்ணை உங்க அக்கா உட்கார்ற பக்கம் வச்சேன். ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு மலை ஏறினேன். தினமும் அதான்.

— திரும்பி வந்தப்ப கிழங்கு?

— வச்சபடியே இருந்துச்சு. சட்டி மட்டும் கவுந்து கிடந்துச்சு.

— எலின்னு சொல்லித் தொலையேன் மச்சான். லே பட்டணத்துக்குக் கடலோரம் இறங்கிப் போய் காலேஜ் படிச்சவன்தானே நீ.

— எலி உங்க அக்கா மெரிங் மாதிரி செருமாது.

— வீட்டுக்குள்ளயா கேட்குது?

— மலை மேலயும் கேட்குது. மரத்தடியில நின்னா கிளையில யாரோ செருமுறாங்க. நிமிர்ந்து பார்த்தா, குட்டியோட ஒரு மரக்கங்காரு.

— ஓடலையா?

— ஓடல.

— கேளு மச்சான். அக்கா போய் ஒரு மழைக்காலம் முடிஞ்சிருச்சு. உன் தாடியைப் பார்த்து எங்க வீட்டுப் பன்னி மிரளுது. விருந்து வைப்போம், தாடியை எடுப்போம், அவளை வழியனுப்புவோம். பன்னி இருக்கு, சேம்பு இருக்கு. மரக்கங்காரு ஒண்ணுதான் இல்ல.

— கீழ புல்வெளியில வாலபிக் கங்காரு நிறைய இருக்கே. அதுல ரெண்டு பிடி.

— புல்லுல தாவுறது புல்வெளிக்காரன் சாவுக்கு. நடுக்காட்டுக் குட்டை வாலபி நடுக்காட்டுக்காரனுக்கு. நாம மலை உச்சிப் பாசிக்காட்டுல பொறந்தவங்க. பாசி மரத்துல இருக்கிறதைப் படைச்சாத்தான் நம்ம செத்தவங்க வாயில வைப்பாங்க. தெரியாத மாதிரி பேசுற.

— தெரியும்.

— எந்த மரம்னு மட்டும் சொல்லு. நாயும் வில்லும் என் பாடு. நீங்க கழுத்துல ரேடியோப் பட்டை மாட்டி விட்டதுல எது எங்க தூங்குது, எது எங்க குட்டி போட்டுச்சுன்னு உன் பெட்டிதான் நாள் முழுக்கக் கத்துதே.

— சொல்ல மாட்டேன்.

— உனக்குச் சம்பளம் கொடுக்கிற ஆராய்ச்சி வெள்ளைக்காரன் வேலையை விட்டுத் தூக்கிடுவானோ?

— அதில்ல.

— அப்ப அனுப்ப மனசில்ல. சட்டி கவுந்தாலும் பரவாயில்ல, வீட்டுக்குள்ள ஒரு சத்தம் இருக்கட்டும்னு பாக்குற.

— அதுவும்தான். ஆனா காட்டை வேட்டைக்கு மூடினது யாரு? நான் அடுத்த ஊர்க்காரன், உங்க கூட்டத்துல எனக்கு வாயில்ல. அவ அப்பன் காடு, அவதான் எழுந்து நின்னா. இனி பாசிக்காட்டுல யாரும் வில்லு தூக்கக்கூடாதுன்னு சொன்னா. நீயும் தலையாட்டின. அவ வார்த்தையை மீறி அவளுக்கே விருந்தா?

— உனக்காகச் சொன்னா மச்சான்.

— மனசாரச் சொன்னா.

— சரி, மனசார. உன் மேல வச்ச மனசு.

— என்ன சொல்ல வர்ற?

— காய்ச்சல்ல கிடந்தப்ப பக்கத்துல இருந்தது யாரு?

— நீ. நான் மேல முகாம்ல இருந்தேன். நீ ஆள் அனுப்பியிருக்கணும்.

— அனுப்ப வேணாம்னு அவதான் தடுத்தா. வேலையா இருப்பாரு, கூப்பிடாதேன்னு சொன்னா.

— கடைசியா என்னைக் கேட்டாளா?

— இத்தனை நாள் இதைக் கேட்காம இருந்தியே. அப்படியே இருந்திருக்கலாம்.

— கேட்டாளா, இல்லையா?

— மழை வருது மச்சான். காப்பிக்கொட்டை நனையுது, சாக்கை உள்ள இழு.

— நனையட்டும். சொல்லு.

— கிழங்கு இறங்கல. சோறு கொடுத்தோம், துப்பிட்டா. கோழி அடிச்சோம், முகத்தைத் திருப்பிக்கிட்டா. என்னதான்டி வேணும்னு அம்மா அழுதாங்க. இவ வாசலையே பார்த்தா. நீ வர்றதைத்தான் எதிர்பார்க்குறான்னு எல்லாரும் நினைச்சோம்.

— பின்ன?

— நீ வரலைன்னு உறுதி பண்ணிக்கிட்டா. அப்புறம் என் கையைப் பிடிச்சு இழுத்தா. காதுகிட்ட சொன்னா. அதுக்கப்புறம் பேச்சில்ல.

— என்ன சொன்னா, யாவிங்?

— ‘பாசி மரத்துக் கறி ஒரு துண்டு கொண்டாடா. அவருக்குத் தெரிய வேணாம்.’