பத்துப் பக்க ஃபாரம்

இல்லம்மா, எட்டாவது கேள்விய விட்டுட்டு ஒன்பதுக்குப் போயிட்டீங்க. தண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்கன்னு கேக்கணும். தெருக்குழாய்தான், ஒருநாள் விட்டு ஒருநாள் வருது, எழுதிக்கோங்க. அடுத்தது கூரை. சிமெண்ட் ஷீட்டு. அதுக்கடுத்து சம்பாதிக்கிறவங்க எத்தனை பேருன்னு வரும். ஒருத்தர், என் வீட்டுக்காரர் மட்டும். அவரும் பாதி நாள் பொண்ணோட ஆஸ்பத்திரிக்கு அலையறதுல வேலைக்குப் போறதில்ல. அடடா, பாருங்க, நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, வாய் பழகிப்போச்சு.

எப்படித் தெரியும்னா? அட, உங்க நிறுவனத்துலதாங்க பதினோரு வருஷம் குப்பை கொட்டினேன். இதே வேலை, இதே பை, கழுத்துல இதே அட்டை. நாடா மட்டும் எங்க காலத்துல பச்சை. நீங்க சேந்து எத்தனை மாசம் ஆச்சு? ஏழா? அப்ப இன்னும் சோறு தொண்டையில இறங்கும். நல்லா சாஞ்சு உக்காருங்க. காபி வேணுமான்னு கேக்க மாட்டேன், ரூல் தெரியும் எனக்கு. பயனாளி வீட்ல பச்சைத்தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. ஒரு கிழவர் பக்கத்து வீட்ல சர்க்கரை வாங்கி எனக்குன்னு டீ போட்டு வெச்சாரு. ஆறிப்போற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு கேள்வி கேட்டேன். ச்சே, என்ன பொழைப்புடான்னு இருந்துச்சு.

தலைமை ஆபீஸ் போயிருக்கீங்களா? அதேதான், ஏழு மாடி. உள்ள நுழைஞ்சதும் செவுரு முழுக்கக் குழந்தைங்க போட்டோ. அந்த போட்டோ எடுக்கவே எங்களுக்கு ரெண்டு நாள் ட்ரெயினிங் கொடுத்தாங்கம்மா, சிரிக்காதீங்க. குழந்தை அழக்கூடாது, அழுதா கௌரவக் குறைச்சல். ரொம்பவும் சிரிக்கக் கூடாது, சிரிச்சா நன்கொடை தர்றவரு இதுங்களுக்கு என்ன குறைச்சல்னு நெனச்சுடுவாரு. அப்புறம் எங்களுக்கு மனசு சோர்ந்து போச்சுன்னு ஒரு வகுப்பு வெச்சாங்க. கண்ண மூடி மூச்ச இழுத்து விடுங்கன்னு சொன்னாங்க. மூடினதுதான் தாமதம், முப்பது பேரும் தூங்கிட்டோம். குறட்டை வேற.

குறை சொல்றேன்னு நெனக்காதீங்க. மூட்டை தூக்கற ஒருத்தரோட பையன், நம்ம நிறுவனம் குடுத்த பணத்துல ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் மாசம் என் கண் முன்னாடி மாடிப்படியில ஓடி ஏறினான். அவங்கப்பா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அதுக்காகத்தான் பதினோரு வருஷம் இருந்தேன். ஆனா மாசம் நாப்பது வீடு போறோம், பணம் குடுக்க இடம் இருக்கறது ஆறு பேருக்கு. உங்களுக்கும் அப்படித்தானே? அஞ்சாக்கிட்டாங்களா, அடப்பாவிங்களா. அப்ப பாத்துக்கோங்க. யாருக்குக் குடுக்கலாம்னு தேடறது இல்ல நம்ம வேலை, யாரக் கழிக்கலாம்னு தேடறதுதான். மனுஷங்களக் கழிச்சுக் கழிச்சு, ஒரு வீட்டு வாசல்ல சைக்கிள் நின்னாக்கூட, அப்பாடா ஒரு மார்க்கு குறைச்சுடலாம்னு தோணும். அப்படி ஆயிட்டேன் நான்.

நானா விடல. எங்களுக்குச் சம்பளம் வந்த திட்டம் முடிஞ்சுதுன்னாங்க, கேக் வெட்டினாங்க, அனுப்பிட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷம்தான் என் பொண்ணுக்கு முட்டி வலி, காய்ச்சல்னு ஆரம்பிச்சுது. வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம். கடைசியில பாத்தா இதயத்துல வால்வு கெட்டுப் போயிருக்குங்கறாங்க. பதினொரு வயசும்மா. கக்கூஸுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல உக்காந்துடறா. அப்பவே நான் விண்ணப்பிச்சிருப்பேன், ஆனா வேலைய விட்டு ரெண்டு வருஷம் ஆகாம முன்னாள் ஊழியருங்க குடும்பம் கேக்கக் கூடாதுல்ல. போன திங்கக்கிழமைதான் ரெண்டு வருஷம் முடிஞ்சுது. ஆபீஸ் கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி போய் நின்னேன். டாக்டர் என்ன சொல்றாருன்னா, இன்னும் ஆறு வாரத்துக்குள்ள பண்ணணும், அதுக்கப்புறம் உடம்பு ஆபரேஷனத் தாங்காதாம். விக்கறதுக்கு எதுவும் பாக்கி இல்ல. உங்கள விட்டா எனக்கு வேற நாதி இல்லம்மா, வெக்கத்த விட்டுச் சொல்றேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்துட்டீங்களா? மறைக்க வேண்டாம், வேண்டாம். அது எங்களுக்குக் காட்டக் கூடாத பக்கம், தெரியும். பதில்கள் சொல்லிக் கொடுக்கப்பட்டவை போல் உள்ளனவா, ஆம், இல்லை. பேனா ரொம்ப நேரமா அங்கயே நிக்குது பாருங்க. உங்க மேல தப்பே இல்ல. நான் பேசினதக் கேட்டா யாருக்கும் ஆம்னுதான் போடத் தோணும். போட்டா என்ன ஆகும்னும் தெரியும். ஃபைல் அடியில போயிடும், அப்புறம் அத எடுத்துப் பாக்க ஆள் கிடையாது.

முன்னாள் ஊழியர்னு பக்கத்துல எழுதறீங்களா? எங்க எழுதுவீங்க? ரெண்டே ரெண்டு கட்டம்தான் இருக்கு, காரணம் எழுத எடம் கிடையாது. எடம் விட்டா வீட்டுக்குப் போறவங்க இரக்கப்பட்டு ஏதாவது எழுதிடுவாங்க, அதனால விடாதீங்கன்னு சொன்னதே நான்தான்.

ஆமாம்மா. அந்தக் கட்டத்தக் கொண்டு வந்தது நான்தான்.

அப்ப புரோக்கருங்க நடமாட்டம் இருந்துச்சு. காசு வாங்கிட்டு சனங்களுக்கு பதில் சொல்லிக் கொடுத்தாங்க, அது நெஜம். அந்த நேரத்துல ஒரு தையக்காரம்மா வீட்டுக்குப் போனேன். அவங்க பையனுக்கும் இதே வால்வுதான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தம்மா பதில் சொல்லுது. தண்ணி குழாயில, கூரை ஓடு, சம்பாதிக்கிறது நான் ஒருத்தின்னு கடகடன்னு ஒப்பிக்குது. எனக்கு சுருக்குன்னுச்சு. சரி, எவனோ சொல்லிக் கொடுத்திருக்கான்னு முடிவு பண்ணி, ஓரத்துல சிவப்பு மையில எழுதிட்டேன். பெரிய மேடம் மீட்டிங்ல என்ன எழுப்பி நிக்க வெச்சு, பொய்யக் கண்டுபிடிக்கற கண்ணுன்னா இதுதான்னு சொல்லிக் கை தட்டினாங்க. அடுத்த மாசமே எல்லாக் கிளைக்கும் புது ஃபாரம், அதுல இந்தக் கட்டம். எனக்கு ஒரு சான்றிதழ் வேற.

அப்புறம் ஒருநாள் பழைய பீரோவக் காலி பண்ணும்போது அந்தம்மா பேர்ல மூணு ஃபைல் கிடைச்சுது. நான் அந்த வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே மூணு வருஷமா விண்ணப்பிச்சிருக்காங்க. முதல் தடவை டாக்டர் லெட்டர் தேதி தாண்டிப்போச்சுன்னு தள்ளியிருக்கோம். ரெண்டாவது தடவை ஆபீஸ் மாத்தினதுல ஃபைல் காணாமப் போச்சு. மூணாவது, அந்த மாசத்து இடம் முடிஞ்சுது. எவனும் சொல்லிக் கொடுக்கலம்மா. நாமதான் மூணு தடவை ஆள் அனுப்பி அதே கேள்விய அதே வரிசையில கேட்டிருக்கோம். மனப்பாடம் ஆகாம என்ன செய்யும்?

யார்கிட்ட சொல்றது? சொல்லல. சொன்னா வேலை போயிடுமோன்னு பயம். வேலை எப்படியும் போகத்தான் போச்சு. என் வீட்டுக்காரருக்கே இது தெரியாது. உங்ககிட்டதான் மொதமொதல்ல சொல்றேன்.

உங்க வண்டிதானே அது, ஹாரன் அடிக்கிறது? இன்னும் ரெண்டு வீடு இருக்கும் உங்களுக்கு. ஒரு நிமிஷம் கண்ணு, ஒரே நிமிஷம். ஆம்னு போட்டாலும் போடுங்க, போடறதுக்கு முன்னாடி உள்ள வந்து அவளப் பாத்துட்டுப் போடுங்க. முழிச்சுக்கிட்டுதான் இருக்கா, தலை வாரி விட்டிருக்கேன். பத்துப் பக்கத்துல எங்கயும் நோயாளியப் பாருங்கன்னு ஒரு வரி இல்ல, தெரியுமா? கூரையப் பாரு, குழாயப் பாரு, சைக்கிளப் பாருன்னு எல்லாம் இருக்கு.

அந்தத் தையக்காரம்மாவும் கூப்பிட்டாங்க. உள்ள வந்து பையன ஒரு தடவை பாத்துட்டுப் போம்மான்னாங்க. கதவு பாதி தொறந்துதான் இருந்துச்சு, அவன் இருமறது கூடக் கேட்டுச்சு. வண்டி நிக்குதும்மான்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிக்கிட்டேன். அதுலேருந்து பத்தொம்பதாம் நாள் போய்ச் சேந்துட்டான். அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.